இழுவைச் சோதனை

மணிக்கு ஒரு பீட்சா சுடுவேன்,
சாப்பிட அல்ல.
அடுப்பிலிருந்து எடுத்து அறுபது எண்ணி
நடுவில் முள்கரண்டியை நுழைத்துத் தூக்குவேன்.
எந்த உயரத்தில் இழை அறுந்து போகிறதோ
அதுதான் அந்த மணிநேரத்துச் சீஸின் மதிப்பெண்.
முப்பது சென்டிமீட்டர் என்றால் தேறும்.
இருபத்தெட்டு என்றால் பாஷா சார் ஓடி வருவார்.

பேரணாம்பட்டிலிருந்து பத்தலப்பல்லி மலைப்பாதை ஏறி
வி.கோட்டா தாண்டினால் ஆலை.
கம்பெனி வேனில் பதினொரு பேர்.
செக்போஸ்ட்டில் பால், பாலு ஆகிவிடும்.
இன்னும் கொஞ்சம் போனால் ஹாலு.
மாட்டுக்குத் தெரியாது.
அப்பா மலைக்கு அந்தப் பக்கம்
தோல் மண்டியில் உப்புப் போடுகிறார்.
நான் இந்தப் பக்கம்
கட்டிகள் மிதக்க உப்புநீர் கலக்குகிறேன்.
ஒரே பசுவின் உள்ளும் புறமும்
எங்கள் வீட்டுச் சோறு.

வேலைக்குச் சேர்ந்ததும் மூன்று நாள் படம் காட்டினார்கள்.
மலைக்குகையில் வண்டிச் சக்கரம் போல அடுக்கிக் கிடக்கிறது ஒன்று,
வாரம் ஒருமுறை புரட்டிப்போட ஆள் இருக்கிறான், சம்பளத்துக்கு.
நீலமாய்ப் பூசணம் பூத்தால் விலை கூடுதல்.
எங்கோ புல்வெளி நாட்டில்
கூடாரத்தின் மேல் காயவைத்துக் கல்லாக்கி
நாள் முழுக்க வாயில் ஒதுக்கிக்கொள்கிறார்கள்.
ஒரு தீவில் புழு நெளிய நெளியத் தின்றார்கள்.
பின்வரிசையில் தில்ஷாத் சீ என்றாள்,
மதியம் அவள் டப்பாவில் கருவாடு.

அகராதி இதைப் பாலாடைக்கட்டி என்கிறது.
ஆடைக்கும் இதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.
வீட்டில் சொல்ல ஒரு வார்த்தைதான்:
திரிஞ்சு போச்சு.
எங்கெங்கே போய்த் திரிந்தாய் என்று
யாரும் பாலைக் கேட்பதில்லை.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை
நாலாம் தொட்டி தோயவில்லை.
எட்டாயிரம் லிட்டர்.
உறை போட்டு ஒரு மணி, இரண்டு மணி,
கத்தியை இறக்கினால் தண்ணீரில் இறங்குவது போல.
டென்மார்க்கிலிருந்து பனிப்பெட்டியில் வந்த கிருமி
உள்ளே போய்ச் செத்துக் கிடந்தது.
மடிவீக்கத்துக்கு ஊசி போட்டால்
நாலு நாள் பாலை ஊற்றக் கூடாது.
யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.
காலையில் சோதனைப் பட்டை தீர்ந்திருந்தது,
அதை யாரும் பேசவில்லை.
மாலையில் புதுப் பெட்டி வந்ததும்
நூற்றுப் பதினாறு குப்பிகளிலும் நனைத்துப் பார்த்தேன்.
எழுபத்தொன்றில் கோடு எழவில்லை.

நரசம்மா.

மறுநாள் கேனோடு வாசலில் நின்றாள்.
பத்து நாள் உங்கள் பால் வேண்டாம் என்பதை
என் அரைத் தெலுங்கில் சொன்னேன்,
அவள் முழுத் தமிழில் கேட்டாள்:
'நாலு நாள் பாலை மண்ணுலயா ஊத்தறது?
ஊசி போட்டவனுக்கு எவன் குடுப்பான்?'
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மணி பதினொன்று, சோதனை நேரம்.
என்ன நினைத்தேனோ, உள்ளே கூப்பிட்டுவிட்டேன்.
நரைத்த கொண்டைக்கு வலைத்தொப்பி மாட்டி
அடுப்பின் பக்கம் நிறுத்தினேன்.
கரண்டியைத் தூக்கினேன்.
வெள்ளை இழை எழுந்தது,
அளவுகோலின் பாதி, முக்கால்,
அது அறுமுன்பே விரலால் வழித்துச் சுருட்டி
வாயில் போட்டுக்கொண்டாள்.
நெடுநேரம் மென்றாள்.

'ஜுன்னு மாதிரி இருக்கும்னு நெனச்சேன்.
ருசியே இல்லயேம்மா.
இது கெட்டுப்போச்சுன்னா
எம் பாலை வேணாங்கறீங்க?'

கேனை மூடிக்கொண்டு
எதிரில் டீக்கடைக்கு நடந்தாள்.
அவன் பட்டை நனைப்பதில்லை.

பதினொரு மணிக் கட்டத்தில்
முப்பத்திரண்டு என்று எழுதினேன்.
அறுந்த இடம் எனக்குத் தெரியாது.

ஷிப்ட் முடிந்து, வேன் வரும்வரை
அந்தக் கடையில்தான் நின்றோம், பதினொரு பேரும்.
ஏடு கட்டிய டீ.
தில்ஷாத் இன்னொன்று கேட்டு வாங்கினாள்.